கடைசி ஆள் யார்?

வூச் நகரத்துப் புற்றுநோய் மருத்துவமனை,
இரண்டாம் மாடி, பதினேழாம் எண் கதவு.
அங்கே வருகிறவர்கள் வணக்கம் சொல்வதில்லை.
"கடைசி ஆள் யார்?" என்றுதான் கேட்பார்கள்.

இறைச்சிக் கடை வரிசையில் நின்று வளர்ந்த எங்களுக்குத்
தாய்ப்பாலோடு வந்த கேள்வி அது.
இருந்தாலும் அந்தக் கதவுக்கு முன்னால்
நான் முதல்முறை கேட்டபோது
ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.
பிறகு ஓர் ஊன்றுகோல் மெதுவாக உயர்ந்தது.
"நான்தான். ஆனால் அந்த விஷயத்தில் எனக்கு அவசரமில்லை, அம்மா.
வேண்டுமானால் முந்திக்கொள்ளுங்கள்."

அவர் ஹியெரோனிம். ஒரு கால்தான்.
மற்றதைச் சர்க்கரை நோய் எடுத்துக்கொண்டது,
"இவனுக்கு முன்பே வரிசையில் நின்ற ஆள்" என்பார்.
வாசல் இயந்திரத்தில் காசு போட்டால்
காலணிக்கு மாட்டும் நீல உறை ஜோடியாகத்தான் விழும்.
மிச்சத்தை மடித்துச் சட்டைப்பையில் வைப்பார்.
"இன்னொரு ஒற்றைக்கால்காரன் வராமலா போய்விடுவான்?
பாதி விலைக்குத் தள்ளிவிடுவேன்."

நான் முப்பத்தோரு வருடம் டிராம் ஓட்டியவள்.
மூன்று நிமிடம் பிந்தினால் எழுத்தில் விளக்கம் கேட்பார்கள்.
இங்கே சீட்டில் ஒன்பது பத்து என்று போட்டிருக்கும்.
டாக்டர் வில்ச்செக் வந்து சேர்கையில்
கொண்டுபோன ரொட்டி, குறுக்கெழுத்து,
பக்கத்து நாற்காலி வாண்டாவின் மருமகள்,
மூன்றும் தீர்ந்துபோயிருக்கும்.

ஆகவே பந்தயம்.
ஆளுக்கு ஒரு ஸ்வோட்டி, காலித் தயிர் டப்பாவில்.
பத்து நாற்பது என்பேன் நான்.
பதினொன்றே கால் என்பாள் வாண்டா, மனிதர்களை அறிந்தவள்.
ஜெயித்தவர் கீழே போய் எல்லோருக்கும் டோனட் வாங்கவேண்டும்.
எங்களில் பாதிப் பேருக்கு எதைத் தின்றாலும் துரு.
"தண்டவாளத்தை நக்கினது மாதிரி இருக்கிறது" என்றேன்.
"நக்கிப் பார்த்திருக்கிறாயா?"
பார்த்திருக்கிறேன். ஆறு வயதில், ஜனவரியில்.
ஒட்டிக்கொண்டது.
வெந்நீர் ஊற்றி எடுத்த கதையைச் சொல்லி முடிப்பதற்குள்
குளுக்கோஸ் கம்பி ஒன்று சிரிப்பில் கழன்றது.
நர்ஸ் வந்து எங்களைத் தனித்தனியாக உட்காரவைத்தாள்.

ஸ்கேன் அறையில் ஒரு பெண், பேனாவும் படிவமும்:
"கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா?"
எனக்கு அறுபத்துமூன்று. கணவரைப் புதைத்து ஒன்பது வருடம்.
"அப்படி ஏதாவது தெரிந்தால்
எனக்கு முன்னால் பாதிரியாருக்குச் சொல்லிவிடுங்கள்" என்றேன்.
தலை நிமிராமல் 'இல்லை' என்று எழுதிக்கொண்டாள்.

அந்த ஸ்கேனின் முடிவுக்காகப் போன காலை.
ஒன்பது பத்து. ஒரு நொடி முன்பின் இல்லை.
கதவு திறந்தது.
டாக்டர். கோட்டு போட்டபடி, கையில் கோப்பு.
என் பெயர்.

நடைவழி உறைந்தது.
ஒன்பது பத்துக்கு யாருமே பந்தயம் கட்டியதில்லை.
பிந்தி வரும் டாக்டருக்கு நம்மைப் பற்றிக் கவலையில்லை,
நமக்கு ஆபத்துமில்லை என்றல்லவா இத்தனை மாதம் நம்பியிருந்தோம்.
ஹியெரோனிம் ஊன்றுகோலை மடியில் கிடத்தினார்.
வாண்டா என் கைப்பையை வாங்கிக்கொண்டாள்,
நான் திரும்பி வரமாட்டேன் என்பதுபோல.

உட்கார்ந்தேன். முழங்கால்கள் தனியே ஒரு தடத்தில் ஓடின.
"இன்று நேரத்துக்கு வந்துவிட்டீர்களே" என்றேன்,
குரல் எனக்கே சொந்தமில்லாமல்.

"கார் படுத்துவிட்டது" என்றார்.
"டிராமில் வந்தேன். பதினோராம் எண்."

என் தடம்.
முப்பத்தோரு வருடமும் என் தடம்.

சிரித்தேன். கண்ணீர் வரச் சிரித்தேன்.
அவர் பதறி டிஷ்யூ பெட்டியை நகர்த்தினார்,
நான் இன்னும் கோப்பைத் திறக்கவே இல்லையே, அம்மா, என்றார்.

அப்புறம் திறந்தார்.

வெளியே வந்தபோது எல்லா முகமும் என்மேல்.
கோப்பில் இருந்ததைப் பிறகுதான் சொன்னேன்.
முதலில் டிராமைச் சொன்னேன்.
டப்பாக் காசு அடுத்த வாரத்துக்குச் சேரும் என்று தீர்ப்பளித்தார் ஹியெரோனிம்.
படியேறி வந்த ஒரு பையன், புதியவன், மூச்சு வாங்கக் கேட்டான்:
"கடைசி ஆள் யார்?"

ஊன்றுகோல் உயர்ந்தது.
வாண்டாவின் கை, என் கை,
எல்லோருடைய கையும்.